ஆமைக்கு எது வலது?

எனக்கு வலது இடது வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போகும் குழப்பத்தில் பாதி என்னிடமிருந்து கிளம்பியது.

பிறவியில் நான் இடக்கைக்காரன். எழுதுவது, கத்தரிப்பது, பந்து எறிவது எல்லாம் இடது கை. சாப்பிடுவது மட்டும் வலது கையால்தான் என்று அம்மா என் இடது கையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே பழக்கினாள். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்பார். கணக்கு வாத்தியார் "எழுதற கைப் பக்கம் போய் உட்காரு" என்பார். மற்ற பையன்களுக்கு இரண்டும் ஒரே கை. எனக்கு இரண்டும் எதிரெதிர்க் கை. நடுவில் நின்று முழிப்பேன். இன்றைக்கும் ஆட்டோவில் ஏறினால் "லெஃப்ட்ல விடுப்பா" என்று சொல்லிவிட்டு ரைட்டில் கையைக் காட்டுகிறேன். மந்தைவெளி ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். "ஜெராக்ஸ்காரர் ஏறுனாருன்னா வாயைப் பாக்காத, கையைப் பாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

ஆமாம், ஜெராக்ஸ் கடைதான். பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். படிப்பு அதிகம் ஏறவில்லை. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை கடைப் பலகைக்கு அந்தப்பக்கம் நின்று ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே கொஞ்சம் தேறியிருக்கிறேன். ஆதார் கார்டை நீட்டி "முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே பக்கத்துல போடுங்க" என்பார்கள். பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஆயுள் சான்றிதழைக் கொடுத்து, "நான் உயிரோட இருக்கறதுக்கு ரெண்டு காப்பி போடுப்பா, ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்" என்றார். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே கடையைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேதான் அந்தப் பெண் வந்தாள். தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கையில் மூன்று ஆமைப் படங்கள்.

"அங்கிள், தண்ணி படும். நல்லா கெட்டியா லேமினேட் பண்ணுங்க."

"ஆமைக்குத் தண்ணி படாம இருக்குமாம்மா?" என்றேன்.

சிரித்தாள். ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால் ஆறு கடலில் சேர்வதற்கு முன் சோம்பிக் கிடக்கிற சதுப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆமைக் கணக்கெடுக்கிறார்களாம். சம்பளம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் வரலாம், அவள்தான் இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறாள். "வாங்களேன் அங்கிள். சும்மா உட்கார்ந்து பார்க்கிறதுதான் வேலை." உட்கார்ந்து பார்க்கிற வேலை எனக்கு ஒத்துவரும் என்று தோன்றியது. போனேன்.

ஒரு பக்கம் உப்புத் தண்ணீரும் அலையாத்திச் செடிகளும். கரைக்கு இந்தப்பக்கம் மழைத்தண்ணீர் தேங்கும் குட்டை. குட்டைக்குள் ஏதோ ஒரு புயலில் சாய்ந்த மரம் ஒன்று பாதி முழுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற ஆமைகள் ஒவ்வொன்றாய் அந்தக் கட்டைமேல் ஏறிக் காயும். கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும். யாரும் இறங்கக் கூடாது, தொடக் கூடாது, பொரி கிரி போடக் கூடாது. அடையாளம் சொல்ல வேண்டியது மூன்று வகை. ஓடு கறுத்து முதுகில் மூன்று வரப்பு ஓடினால் காராமை. ஓடு வழவழவென்று இருந்து, காலை உள்ளே இழுத்து மூடிக்கொண்டால் பாலாமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது கடையில் வாங்கி, வளர்க்க முடியாமல் யாரோ கொண்டுவந்து விட்ட வெளிநாட்டு ஆமை. ஓட்டில் காயம், உடைசல் இருந்தால் எந்தப் பக்கம் என்று எழுதி ஒரு போட்டோவும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆமையை இரண்டாக எண்ணிவிடுவோம்.

எந்தப் பக்கம் என்று கேட்டார்களே, அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆனால் வெளியே சொல்லவில்லை.

எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு டீச்சர். சாந்தோம் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் முதல் பூசை முடித்துவிட்டு, தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலே நேராகக் குட்டைக்கு வந்துவிடுவார். வந்த முதல் நாளே பைனாகுலரை என்னிடமிருந்து வாங்கி, "ஓடு உடைஞ்ச காராமை ஒண்ணு இருக்கணும் தம்பி, பாத்தீங்களா?" என்றார்.

"யாருது டீச்சர், வளர்த்ததா?"

"எங்க வீட்டுக்காரரோட ஆளு."

அவர் வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு இந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்து, சைக்கிளில் வந்து, தனியாகவே இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஆமை எண்ணிக்கொண்டிருந்தார். ஜோடியாக உட்கார வேண்டும் என்கிற ஏற்பாடெல்லாம் அப்புறம் வந்தது. வீட்டுக்குப் போனால் அந்த ஒரு ஆமையைப் பற்றித்தான் பேச்சாம். ஓடு உடைஞ்சும் நம்மாளு எப்பவும் முன் சீட்டுதான் பிடிக்கறான், மத்ததெல்லாம் ஃபுட்போர்டுல தொங்குது என்பாராம். டீச்சர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருக்கிறார். ஆமை எப்படி இருக்கும், எந்தப் பக்கம் உடைசல் என்றெல்லாம் யார் கேட்டார்கள்?

அப்புறம் ஒருநாள் கண்டக்டர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும்.

"பேச்சு போச்சுன்னு சொல்ல முடியாது தம்பி," என்றார் டீச்சர். "வருது. எது வரும்னு அவருக்கே தெரியாது. தண்ணி வேணும்னா 'சில்லறை'ங்கறார். ஃபேன் போடணும்னாலும் சில்லறை. நாம சொல்றது எல்லாம் புரியுதுன்னு டாக்டர் சொல்றாங்க. உள்ள போறது சரியாப் போகுதாம், வெளிய வர்றதுதான் வழி மாறி வருதாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் நிலைகொள்ள மாட்டார். இடது கையைக் குவித்துக் கவிழ்த்துக் காட்டுவார். கிண்ணமா, தொப்பியா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் டீச்சருக்குப் பிடிபட்டது. ஆமையா? ஓடு உடைஞ்ச ஆமையா? அது எப்படி இருக்குன்னு தெரியணுமா? அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன், எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கும், லெஃப்டா ரைட்டான்னு கேட்டேன். 'ரைட்'டுன்னார். அவ்வளவு தெளிவா ஒரு வார்த்தை வந்து மாசக்கணக்காச்சு தம்பி. அதப் பிடிச்சுகிட்டு வந்துட்டேன்."

பழைய தாள்களைத் தரமணிப் பெண் தேடிப்பார்த்தாள். "காராமை, ஓடு உடைந்தது" என்று மட்டும் இருந்தது. பக்கம் இல்லை. அந்தக் காலத்தில் நடத்தியவர்கள் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார்கள். கேட்டதற்கு, குட்டையைக் கண்டக்டர் சார்தான் பார்த்துக்கொண்டார், எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது.

ஓடு உடைந்த காராமை ஒன்று கட்டைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. கழுத்தை ஒட்டி, தோள்பட்டை மாதிரி இருக்கிற இடத்தில் ஒரு துண்டு பெயர்ந்து, பிஸ்கட்டைக் கடித்த மாதிரி இருக்கும். ஆனால் அது இடது பக்கம். அதை நான் சொல்லவில்லை, தரமணிப் பெண் சொன்னாள், ஆகவே நம்பலாம். டீச்சர் செல்போனில் போட்டோ எடுத்துப் போவார், வீட்டுக்காரரிடம் காட்டுவார். அடுத்த வாரம் வந்து உதட்டைப் பிதுக்குவார்.

"இது இல்லையாம். ரைட்டுங்கறார்."

அதற்கடுத்த வாரம் அதே ஆமை, வேறு போட்டோ. மறுபடியும் "ரைட்டுதாங்கறார். அழுத்திச் சொல்றார் தம்பி. எனக்கு அவரோட மூஞ்சியப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. நான் வேணும்னே தப்பான ஆமையக் காட்டறேன்னு நெனைக்கறாரோ என்னவோ."

வலது பக்கம் உடைந்த ஆமையைத் தேடினோம். மழை வந்தது, குட்டை நிரம்பிக் கட்டை முழுகியது, வடிந்தது, மறுபடி வெயில். இல்லை. ஆமைக்கு ஆயுசு கெட்டி என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். டீச்சர் தலையாட்டுவார். ஆனால் வர வர அவர் பைனாகுலரைக் கட்டைமேல் வைக்காமல் தண்ணீரோரம் எங்காவது ஓடு கவிழ்ந்து கிடக்கிறதா என்று துழாவுவதைக் கவனித்தேன். ஆமை செத்துப்போயிருந்தால் அதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் டீச்சர் கவலை. "நல்லாப் பேசற மனுஷனா இருந்தா எதையும் சொல்லிடலாம். திருப்பி ஒரு வார்த்தை திட்டுவார், முடிஞ்சுது. இவர் என்ன பண்ணுவார்?" என்றார்.

இந்த நிலைமையில்தான் நான் என் கைவரிசையைக் காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டையின் நுனியில் ஒரு காராமை, எங்களைப் பார்த்தபடி கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பைனாகுலர் என் கையில். கழுத்தோரம் உடைசல். எந்தப் பக்கம்? என் இடது கையைப் பார்த்தேன், வலது கையைப் பார்த்தேன், சாப்பிடுகிற மாதிரி விரலைக் குவித்துப் பார்த்தேன். சோத்தாங்கைப் பக்கம்!

"டீச்சர்! வலது! வலது பக்கம் உடைஞ்சிருக்கு!"

டீச்சர் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டில் கண்டக்டருக்குத் துணையாக இருக்கும் நர்ஸம்மா எடுத்தார். "போனை அவர் காதுல வைங்க... என்னங்க, உங்க ஆளு கெடைச்சுட்டான். கட்டைமேல உக்காந்திருக்கான். ரைட்டுதான், நீங்க சொன்ன மாதிரியே ரைட்டு." அந்தப்பக்கம் என்ன சத்தம் கேட்டதோ, டீச்சர் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

தரமணிப் பெண் கேமராவில் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கே எனக்குச் சரியாகப் படவில்லை.

"அங்கிள்..."

"என்னம்மா?"

"இது நம்ம லெஃப்ட் ஆமைதான் அங்கிள். மூஞ்சி நம்ம பக்கம் திரும்பியிருக்கு. அதான் உங்களுக்கு ரைட்ல தெரியுது. ஆமைக்கு அது லெஃப்ட்."

டீச்சர் கைப்பையைத் திறந்தார், மூடினார். எனக்கு அந்தக் குட்டையிலேயே இறங்கி அந்த ஆமைகளோடு முழுகிவிடலாம் போலிருந்தது.

கரைக்கு வெளியே, ரோட்டோரம் ஒரு டீக்கடை. கணக்கெடுப்பு முடிந்தால் எல்லோரும் அங்கே கூடுவது வழக்கம். ஆற்றோரப் பக்கத்தைப் பார்க்கிற தையல்கார பாயும் வந்து சேர்ந்தார். ராயப்பேட்டையில் கடை, வீட்டில் உருது, வெளியில் எங்களைவிட நல்ல மெட்ராஸ் தமிழ். விஷயத்தைக் கேட்டவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார் இது, வலது இடதுன்னா யாரோட வலதுன்னு மொதல்ல பேசிக்க வேணாவா? இப்ப சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் கீது? லெஃப்ட்டு. யாரு லெஃப்ட்டு? போட்டுக்கினு நிக்கறவரு லெஃப்ட்டு. எதுர்ல நின்னு அளவு எடுக்கற எனக்கு அது ரைட்டு. நான் என் லெஃப்ட்ல வெச்சுத் தெச்சேன்னு வெச்சுக்கோ, கஸ்டமரு என்னைத் தெச்சுருவான்."

"கோயில்லகூட அப்படித்தான் பாய்," என்றேன், விழுந்த இடத்திலிருந்து எழுந்துகொள்ளக் கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டு. "சாமிக்கு வலப்பக்கம்னு சொன்னா, கும்பிட்டுக்கிட்டு நிக்கற நமக்கு அது இடப்பக்கம்."

"இவ்ளோ தெரிஞ்சவரு ஆமைக்கு மட்டும் ஏன் சார் உன் கையப் பாத்தே?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர்கூட லேசாக. பிறகு அவரே சொன்னார்: "ஸ்கூல் க்ரூப் போட்டோவுக்குக் கீழ 'இடமிருந்து வலம்'னு போடுவோமே. அது பாக்கறவங்களுக்குத்தான் இடம் வலம். போட்டோல நிக்கற பிள்ளைங்களுக்கு இல்ல."

பாய் மேசையைத் தட்டினார். "அதான் டீச்சரம்மா! உங்க ஊட்டுக்காரரு எந்த ரூல்ல சொன்னாரு? ஆமை ரூலா, க்ரூப் போட்டோ ரூலா? அவரும் இதே பெஞ்சுல உக்காந்துதானே பாத்தாரு? அது அவரு மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்திருந்தா அவருக்கும் ரைட்டுதான். அப்ப ரெண்டு ஆமை இல்ல. ஒரே ஆமை."

"அப்ப நான் மாசக்கணக்கா எழுதின டேட்டா?" என்றாள் தரமணிப் பெண்.

"உன் டேட்டா கரெக்ட்டும்மா. நாங்கதான் தப்பு," என்றார் பாய்.

எனக்குத் தலை சுற்றியது. ஒரு ஆமையா, இரண்டு ஆமையா? நான் சொன்னது தப்பு, ஆனால் பாய் சொல்வதைப் பார்த்தால் தப்பாகச் சொன்ன நான்தான் சரியான ஆமையைக் கண்டுபிடித்திருக்கிறேன். டீச்சர் டீயைக் குடிக்காமலே எழுந்தார்.

"எல்லாரும் எனக்காகச் சொல்றீங்க. எனக்குப் புரியாம இல்ல. ஆனா அவர்கிட்ட கெடைச்சுடுச்சுன்னு சொல்லிட்டேன். பொய்யோ நிஜமோ, அது எனக்குத் தெரிஞ்சாகணும்."

தப்புச் செய்தவன் நான்தானே. கடையைத் திறந்து, அதே ஆமையை முன்பக்கம் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று என்று இரண்டு பெரிய படங்கள் போட்டு, லேமினேட் செய்தேன். வாயால் கேட்பதால்தானே வம்பு? படத்தை வைத்து, உடைசல் மேல் அவரையே விரலை வைக்கச் சொல்லலாம் என்பது என் யோசனை. அடையாளத்துக்கு வைத்திருந்த வெளிநாட்டு ஆமைப் படமும் பையிலேயே கிடந்தது. டீச்சரோடு வீட்டுக்குப் போனேன்.

மாடி வீடு. ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இரும்புக் கம்பி வைத்த கட்டில். கண்டக்டர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. நல்ல நாளில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போயிருப்பார். வலது கை மடியில் ஒரு தலையணைமேல் யாருடையதோ மாதிரி கிடந்தது.

"அண்ணே, நான்தான் டீச்சரோட குட்டைல உக்கார்றவன்," என்று சொல்லிவிட்டு முன்பக்கப் படத்தை நீட்டினேன். "இவனா உங்க ஆளு?"

அவர் கண் படத்திலேயே நின்றது. வாய் கோணி, திறந்து, முயன்று, "ரைட்" என்றது. இடது கை கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டியது. டங் டங்.

"பாத்தீங்களா?" என்றார் டீச்சர். "ரைட்டுங்கறார். அப்ப பாய் சொன்னதுதானா?"

முதுகுப் பக்கப் படத்தை வைத்தேன். இதில் உடைசல் தெளிவாக இடது பக்கம், என்னைப் போன்றவனுக்குக்கூட. "அண்ணே, எங்க உடைஞ்சிருக்கு, கையை வைங்க."

அவர் கையை வைக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரைட்." டங் டங்.

முன்பக்கமும் ரைட், பின்பக்கமும் ரைட். இரண்டும் எப்படி ரைட் ஆகும்? படத்தைத் திருப்பிப் பார்த்தேன், என் கைகளைப் பார்த்தேன், ஆமை மாதிரி நான் திரும்பி நின்றுகூடப் பார்த்தேன். டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. லெஃப்டா, ரைட்டா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பியில் ஓங்கித் தட்டினார். "ரைட்! ரைட்!" டங் டங்.

அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்று நடந்தது. உடம்பு தானாகப் பின்னால் ஒரு அடி தள்ளாடியது. கை தானாக மேலே போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. டிப்போவிலிருந்து பஸ் கிளம்பும்போது உடம்பு எப்படிச் சாயுமோ, அப்படி. எத்தனை வருஷம் இந்த ஊரில் பஸ்ஸில் தொங்கியிருக்கிறேன்! கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி இந்த வார்த்தையைச் சொன்னால் அதற்கு எந்தப் பக்கமும் கிடையாது.

"அண்ணே," என்றேன். "இது... போலாம் ரைட்டா?"

பாதி வாய்தான் சிரித்தது. ஆனால் கண் இரண்டும் சிரித்தது. தலை மேலும் கீழும் ஆடியது, நிற்கவேயில்லை.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ. நானில்ல லெஃப்டா ரைட்டான்னு கேட்டுத் தொலைச்சேன். மொத போட்டோலேர்ந்து இவர் சரின்னுதான் சொல்லிக்கிட்டே இருந்திருக்கார். வாரா வாரம் சரிங்கறார், நான் இல்லையாம் இல்லையாம்னு அங்க வந்து சொல்லிக்கிட்டு..." வாழ்நாள் முழுக்க ரைட்டுக்கு இங்கிலீஷில் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கேட்ட கேள்வியும் அந்த மாதிரி. வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

ஆனாலும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. எதைக் காட்டினாலும் ரைட் என்பாரோ? பையிலிருந்து அந்தச் சிவப்புக் கோட்டு ஆமைப் படத்தை எடுத்து நீட்டினேன். "அண்ணே, இவன்?"

பார்த்தார். புருவம் சுருங்கியது. கம்பியில் ஒரே ஒரு தட்டு.

"ஓல்டான்."

டீச்சர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார், இரண்டும் கலந்து வந்தது. அவருக்குத் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் அப்போதும் ஒரு மூலையில் குடைந்தது. கண்டக்டர் பாஷையில் ஓல்டான் என்றால் நிறுத்து. இவன் இல்லை, நிறுத்து என்றாரா, அல்லது உன் பரீட்சையை நிறுத்துடா என்றாரா? நர்ஸம்மா காபி கொண்டுவந்தார். ஆமை இருக்கிறது, அவருக்கும் தெரிந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"போலாம்," என்றார் கண்டக்டர்.

"ஆமா ஆமா, போலாம் ரைட்," என்றார் டீச்சர், அவர் தோளைத் தடவிக்கொண்டே.

"போலாம்."

"ரைட், அண்ணே, ரைட்," என்று நானும் சொன்னேன்.

அவர் தலையைப் படாரென்று தலையணையில் சாய்த்து, கண்ணை மூடித் திறந்து, இரண்டு முட்டாள்களிடம் மாட்டிக்கொண்ட மனுஷன் மாதிரி எங்களைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி வாசலைக் காட்டினார். கையைக் குவித்துக் கவிழ்த்தார். மறுபடி வாசல்.

"போலாம்."

ரைட்டை அகராதி அர்த்தத்தில் எடுத்து மாசக்கணக்காகத் தவித்தோம். இப்போது போலாமைப் பஸ் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு தலையாட்டுகிறோம். அவர் சொன்னது வெறும் போலாம்தான். கூட்டிக்கிட்டுப் போங்க என்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் தன் மச்சானின் ஷேர் ஆட்டோவைக் கொண்டுவந்தார். மாடியிலிருந்து கண்டக்டரை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். "டிக்கெட் எட்த்துட்டியா நைனா?" என்று பாய் கேட்க, அவர் தன் இடது கையால் பாயின் சட்டைப் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். சக்கர நாற்காலி கரையில் மண்ணில் புதைந்து புதைந்து, ஒருவழியாகப் பெஞ்சு பக்கத்தில் போய் நின்றது. டீச்சர் பைனாகுலரை அவர் கண்ணில் வைக்கப் பார்த்தார். அவர் தள்ளிவிட்டார். வெறுங்கண்ணே போதும் என்கிற மாதிரி.

கட்டைமேல் நாலைந்து காராமைகள் வந்து காய்ந்துகொண்டிருந்தன. நம்மாள் இல்லை. டீச்சர் ஜபமாலையை உருட்ட ஆரம்பித்திருந்தார். வெயில் ஏறியது. கட்டையின் நுனிக்குப் பக்கத்தில் தண்ணீர் கொஞ்சம் அசைந்து ஒரு மூக்கு தெரிந்தது, பிறகு கறுத்த ஓடு. மெதுவாக, முன்னால் இருந்த ஒன்றின் முதுகிலேயே காலை வைத்து ஏறி, அது சரிந்து தண்ணீரில் விழ, நுனியில் போய் உட்கார்ந்தது. முன் சீட்டு.

தரமணிப் பெண் எழுதுகோலைத் தயாராக வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "காராமை, ஓட்டுல உடைசல். எந்தப் பக்கம் அங்கிள்?"

நான் என் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ரைட்."

சக்கர நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு தட்டு.

அவள் எழுதியே விட்டாள். "அடிம்மா, அடி அதை," என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "லெஃப்ட்னு எழுது. அவர் சொன்னது வேற ரைட்டு."

அவள் அடித்து எழுதிவிட்டு நிமிர்ந்து மொத்தம் எத்தனை என்று எண்ணலாம் என்று பார்த்தபோது கட்டை காலியாக இருந்தது. தட்டுச் சத்தம் கேட்டதும் எல்லா ஆமைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கிவிட்டன. நுனியில் இருந்தவன்தான் முதலில் கிளம்பினான் என்று பாய் சத்தியம் செய்கிறார். நான் பார்க்கவில்லை. அப்போதும் என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.